கப்ளிங்கைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தவர்கள்

தூத்துக்குடியில் இறாலையும் மீனையும் உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையில் இருபத்தேழு ஆண்டுகள் அமோனியா இயந்திரங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலில் அமோனியாவை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘கேஸ்’ என்றால் அதுதான். அந்தக் கேஸ் நிறைந்த குழாயின் கப்ளிங் (குழாய் இணைப்பு) ஒன்றைக் கழற்றுவதற்காக இரண்டு பேர் பூமியிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரத்தில் எட்டு மணி நேரம் போராடியதை, 2010 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த இணைய நேரலையில் பார்த்தேன். அன்றிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பில் நடந்த பழுதுநீக்கும் வேலைகளை, பக்கத்து ஆலையில் நடப்பதைக் கேட்டறிவது போலத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். அவற்றிலிருந்து என் வேலைக்கு எடுத்துக்கொண்டவற்றையும், எடுத்துக்கொள்ளத் தவறியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அங்கே என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நிலையத்தின் உள்ளே கணினிகளும் கருவிகளும் வெளியிடும் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுபோனால் நிழல் பகுதியில் உறைந்து குழாயை வெடிக்கவைத்துவிடும் என்பதால், வெளிச் சுற்றுகளில் மைனஸ் 78 டிகிரிக்கு அருகில்தான் உறையும் அமோனியாவை ஓட்டுகிறார்கள். நச்சு என்பதால் அமோனியாவை மனிதர் வாழும் அறைக்குள் விடமுடியாது. ஆகவே சுவருக்கு வெளியே உள்ள வெப்பப் பரிமாற்றியில் தண்ணீரும் அமோனியாவும் உலோகத் தடுப்புக்கு இருபுறமும் ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஏ, பி என்று இரண்டு சுற்றுகள். ஒவ்வொன்றும் 35 கிலோவாட் வரை வெப்பத்தை வெளியேற்றும். இரண்டையும் சேர்த்தால் எங்கள் கணக்கில் ஏறக்குறைய 20 டன் குளிரூட்டல்தான் (இங்கே டன் என்பது எடையல்ல, குளிரூட்டும் திறனின் அலகு), எங்கள் ஆலையில் ஓரமாக நின்ற பழைய கம்ப்ரசர் ஒன்றே அதைவிட அதிகம் இழுக்கும். ஆனால் எங்களுக்குக் கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கன்டென்சரின் மேல் ஊற்றத் தண்ணீர் இருந்தது, கடற்காற்றும் இருந்தது. அங்கே காற்றே கிடையாது என்பதால், அகன்ற ரேடியேட்டர் பலகைகள் வழியாக வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் அமோனியா கொதித்து ஆவியாகிக் குளிர்விக்கும். அவர்களுடையது கடைசி வரை திரவமாகவே பம்பின் விசையில் சுற்றிவரும். அந்தப் பம்ப் நின்றால் அந்தச் சுற்றும் நின்றுவிடும்.

2010 ஜூலை 31 அன்று ஏ சுற்றின் பம்ப் நின்றது. மின்சுற்றுத் துண்டிப்பான் விழுந்தது, மறுபடி இயக்கியும் பம்ப் ஓடவில்லை. நம் நேரப்படி அது ஆகஸ்ட் 1 விடியற்காலை. எங்கள் ஊரில் பனிமய மாதா திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். நிலையத்தின் குளிரூட்டும் திறனில் பாதி போய்விட்டதால் பல கருவிகளை அணைத்தார்கள். மீதியிருந்த பி சுற்றும் நின்றிருந்தால் நிலைமை மிகவும் மோசமாகியிருக்கும். நல்ல வேளையாக மாற்றுப் பம்ப் தொகுதிகள் ஏற்கெனவே நிலையத்தின் வெளிப்புறச் சேமிப்புத் தளங்களில் கட்டிவைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 354 கிலோ. பெரிய இரும்புப் பெட்டி அளவு இருக்கும். உதிரிப் பாகத்தை வாங்கிக் கிடங்கில் வைக்க நிர்வாகத்திடம் ஆண்டுதோறும் மன்றாடிய எனக்கு இந்த ஒரு செய்தியே பொறாமையைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் 7 அன்று டக்ளஸ் வீலாக், டிரேசி கால்ட்வெல் டைசன் ஆகிய விண்வெளி வீரர்கள் இருவரும் நிலையத்துக்கு வெளியே வந்தார்கள். ஷானன் வாக்கர் உள்ளேயிருந்து இயந்திரக் கையை இயக்கினார். நம் நேரப்படி மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடிந்தது அந்த வேலை. பழுதான பம்பில் நான்கு அமோனியா இணைப்புகள் உண்டு. மூன்று கழன்றன. நான்காவது பிடித்துக்கொண்டது. வீலாக் தள்ளியும் இழுத்தும் தட்டியும் பார்த்தார். கடைசியில் அது அசைந்தபோது, உள்ளிருந்து அமோனியா வெண்துகள்களாகப் பீய்ச்சத் தொடங்கியது.

அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். கழன்றுவிட்டதே, இனி இழுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நான் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். தரையில், அமெரிக்காவின் ஹியூஸ்டனில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை வேறு முடிவெடுத்தது. அந்த இணைப்பைத் திரும்ப மாட்டிவிடுங்கள் என்றது. எட்டு மணி நேரம் உழைத்து, வேலையைப் பாதியில் நிறுத்தி, கழற்றியதையே திரும்ப மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். உடையில் அமோனியா ஒட்டியிருக்கிறதா என்ற பரிசோதனையும் சேர்ந்து அந்த விண்நடை (நிலையத்துக்கு வெளியே வந்து செய்யும் வேலை) 8 மணி 3 நிமிடம் நீண்டது.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, திரவ அமோனியாவைச் சேர்த்துவைக்கும் ரிசீவர் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வால்வின் கிளாண்டில் (வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பில்) கேஸ் கசிந்தது. என் போர்மேன் அண்ணாச்சி ஊருக்குப் போயிருந்தார். தனியாகச் சரிசெய்து பெயர் வாங்கலாம் என்று எண்ணி, லைனில் அழுத்தம் இருக்கும்போதே ஸ்பேனரைப் போட்டேன். நகராததால் சுத்தியலால் தட்டினேன். நட்டு இறுகுவதற்குப் பதிலாகப் பேக்கிங் பிய்ந்துகொண்டு வந்தது. கசிந்த இடத்தின் மேல் ஈரச் சாக்கை எறிந்துவிட்டு, கண் தெரியாமல், சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தேன். யாருக்கும் பெரிய காயமில்லை என்றாலும், அந்தக் கூடத்தில் வேலை அரை நாள் நின்றது. திரும்பி வந்த அண்ணாச்சி திட்டவில்லை. “கசிவு கொஞ்சமாத்தானே இருந்துச்சு தம்பி, அப்பவே கையை எடுத்துட்டு லைனை அடைச்சிருந்தா என்ன கெட்டுப்போச்சு?” என்று மட்டும் கேட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, கப்ளிங்கைத் திரும்ப மாட்டச் சொன்ன அந்தக் குரலைக் கேட்டபோதுதான் அண்ணாச்சியின் கேள்வி முழுதாகப் புரிந்தது.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, அவர்கள் மறுபடி வெளியே வந்தபோது வேலை வேறு மாதிரி நடந்தது. இடைப்பட்ட நாட்களில் தரையிலிருந்தவர்கள் அந்தச் சுற்றின் அழுத்தத்தைக் குறைத்துவைத்திருந்தார்கள். முரண்டுபிடித்த இணைப்பு கழன்றது, பழைய பம்பும் வெளியே வந்தது. ஆகஸ்ட் 16 அன்று புதிய பம்பைப் பொருத்தினார்கள். மூன்று விண்நடைகளும் சேர்ந்து 22 மணி 49 நிமிடம். மாட்டிக்கொண்ட இணைப்பு எந்தக் கையின் வலிமைக்கும் இறங்கவில்லை, அழுத்தம் குறைந்ததும் இறங்கியது. இதற்குப் பிறகு எங்கள் ஆலையில் நான் கொண்டுவந்த விதி ஒன்றே ஒன்றுதான்: அழுத்தமானி என்ன காட்டுகிறது என்பதை இன்னொருவர் பார்த்து உரக்கப் படிக்காமல் எந்த நட்டிலும் ஸ்பேனர் விழக்கூடாது. இளைஞர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

அதே வேலையில் பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று இருந்தது. பழைய பம்பிலிருந்து கழற்றிய குழாய்களை அவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. சில இணைப்புகளை ஒரு தற்காலிக இணைப்புப் பெட்டியில் மாட்டினார்கள். இரு முனைகளும் அடைபட்ட குழாயில் நிறைந்திருக்கும் திரவ அமோனியா, வெயில் பட்டுச் சூடேறினால் விரிவதற்கு இடமில்லாமல் குழாயையே பிளந்துவிடும். நிலையம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகலும் ஓர் இரவும் வரும். கொதிக்கும் வெயிலுக்கும் கொடும் குளிருக்கும் இடையே அந்தக் குழாய் மாறிமாறி அலைக்கழியும். தரையிலும் அமோனியா ஆலைகளில் நடக்கும் விபத்துகளுக்கு இது தெரிந்த காரணம்தான். இரண்டு வால்வுகளை மூடிவிட்டு நடுவில் திரவத்தைச் சிறைவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. லைனை அடைக்கும்போது எந்த வால்வை முதலில் மூடுவது என்ற வரிசையை, நடுவில் இருக்கும் திரவம் காலியான பிறகு கடைசி வால்வை மூடும்படி, ஒரு தகட்டில் எழுதி அந்த இடத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். நினைவை நம்பாதீர்கள்.

மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் மூக்குதான் முதல் கருவி. காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு அமோனியா இருந்தாலே பலருக்கு வாடை தெரிந்துவிடும், 300 பங்கானால் உயிருக்கு உடனடி ஆபத்து. கசியும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கக் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய்களின் ஓரமாகக் கொண்டுபோவோம், கேஸ் இருக்கும் இடத்தில் புகை கெட்டியாக வெளுக்கும். விண்வெளியில் இரண்டுமே செல்லாது. வெளியே வேலை செய்பவருக்குக் கண்தான் அங்கே துணை. வெற்றிடத்தில் தெறிக்கும் அமோனியா உடனே பனித்துகளாக உறைந்து மிதக்கும். 2001 பிப்ரவரியில் டெஸ்டினி ஆய்வகத்தை நிலையத்துடன் இணைத்தபோது ராபர்ட் கர்பீமின் மேல் இப்படித்தான் அமோனியா படிந்தது. கசிவை நிறுத்திய பிறகு அவரை உடனே உள்ளே அழைக்கவில்லை. சுமார் அரை மணி நேரம் வெயிலில் நிற்கவைத்து, படிந்ததை ஆவியாகவிட்டு, கூட வந்த டாமஸ் ஜோன்ஸ் அவருடைய உடையைத் துடைத்துவிட்ட பிறகே உள்ளே எடுத்தார்கள். வெளியே அது வெறும் பனித்தூள். காற்றறைக்குள், அதாவது நிலையத்தின் நுழைவு அறைக்குள், வந்துவிட்டால் எல்லோரும் சுவாசிக்கும் காற்று. வேலை முடித்து வந்தவனின் உடையிலும் கையுறையிலும் ஒட்டிய எண்ணெயும் கேஸும் ஓய்வறைக்குள் வருவதை நாங்கள் ஆண்டுக்கணக்கில் பொருட்படுத்தவில்லை என்பதை இங்கே வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கசிவை எங்கே தேடுவது என்பதில் நான் மிகவும் மதிப்பது நிலையத்தின் இடது கோடியில் இருக்கும் பழைய சூரியத் தகடுகளுக்குரிய தனிக் குளிரூட்டும் சுற்றின் கதை. அதில் மிக மெதுவான கசிவு இருந்தது. 2011 மே மாதம் ஆண்ட்ரூ ஃபியூஸ்டலும் மைக் ஃபின்கும் 8 மணி 7 நிமிட விண்நடையில் அந்தச் சுற்றில் கேஸ் ஏற்றினார்கள். நாங்களும் காரணம் தெரியாதபோது முதலில் அதைத்தான் செய்வோம். கசிவு கூடியது. 2012 நவம்பர் 1 அன்று சுனிதா வில்லியம்ஸும் ஜப்பானியரான அகிஹிகோ ஹோஷிடேயும், சந்தேகத்துக்குரிய ரேடியேட்டரைச் சுற்றிலிருந்து விலக்கி, பயன்பாட்டில் இல்லாத பழைய ரேடியேட்டர் ஒன்றை விரித்து இணைத்தார்கள். கசிவு நின்றால் குற்றவாளி ரேடியேட்டர், நிற்காவிட்டால் வேறெங்கோ இருக்கிறது. பெரிய அமைப்பை ஒரேயடியாகப் பிரித்துப் போடாமல், ஒரு துண்டை மட்டும் விலக்கிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கும் முறை இது.

விடை ஆறு மாதம் கழித்துத் தானாகவே வந்தது. 2013 மே 9 அன்று அந்தப் பகுதியிலிருந்து வெண்துகள்கள் மிதந்து செல்வதை நிலையத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அப்போது நிலையத் தலைவராக இருந்த கிறிஸ் ஹாட்ஃபீல்டும் டாம் மார்ஷ்பர்னும் நான்கைந்து நாளில் பூமிக்குத் திரும்ப வேண்டியவர்கள். இருந்தும் இரண்டே நாளில் திட்டமிட்டு, மே 11 அன்று மார்ஷ்பர்னும் கிறிஸ் காசிடியும் வெளியே போய், சுமார் 118 கிலோ எடையுள்ள பம்ப் பெட்டியை மாற்றினார்கள். 5 மணி 30 நிமிடம் ஆயிற்று. இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று பலர் வியந்தார்கள். மார்ஷ்பர்னும் காசிடியும் 2009ஆம் ஆண்டிலேயே அதே கோடியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். இடம் தெரியும், கைப்பிடிகள் தெரியும். எங்கள் ஆலையில் ஷிப்டு மாற்றும்போது கூடத்தின் ஒவ்வொரு மூலையையும் கையால் தொட்டுப் பழகிய ஒருவனாவது இருக்கிறானா என்று பார்த்துப் பட்டியல் போடுவேன். அவசரத்தில் வரைபடம் விரித்துப் பார்க்க நேரம் இருக்காது. அந்தச் சுற்றைப் பழையபடி திரும்ப மாற்றியமைக்க 2015 நவம்பர் ஆயிற்று. ஸ்காட் கெல்லியும் ஷெல் லிண்ட்கிரெனும் 7 மணி 48 நிமிடம் அதற்காகச் செலவிட்டார்கள்.

2013 டிசம்பர் 11 அன்று மறுபடி ஏ சுற்று. மூன்றே ஆண்டுக்கு முன் மாற்றிய அதே பம்ப் தொகுதி. இம்முறை பம்ப் ஓடியது, உள்ளே இருந்த வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வுதான் ஒத்துழைக்கவில்லை. ரேடியேட்டரிலிருந்து வரும் குளிர்ந்த அமோனியாவோடு சூடான அமோனியாவைத் தேவையான அளவு கலப்பது அதன் வேலை. அது தவறினால் அமோனியா அளவுக்கு மீறிக் குளிர்ந்து, வெப்பப் பரிமாற்றியின் மறுபுறம் ஓடும் தண்ணீர் உறையும்; உறைந்த தண்ணீர் தடுப்பைப் பிளந்தால் அமோனியா நேராக மனிதர் இருக்கும் அறைகளுக்குள் போகும். குளிரூட்டும் அமைப்பில் போதாத குளிரைவிட மிதமிஞ்சிய குளிர்தான் ஆபத்து என்று நான் சொல்லும்போது புதியவர்கள் நம்பமாட்டார்கள். இந்த வால்வின் கதையைச் சொன்ன பிறகு நம்புவார்கள்.

ரிக் மஸ்ட்ராச்சியோவும் மைக் ஹாப்கின்ஸும் டிசம்பர் 21 அன்று வெளியே போனார்கள். வேலை எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்து, இரண்டாம் நாளுக்கென்று வைத்திருந்த பகுதியையும் முடித்துப் பழைய பம்பை வெளியே எடுத்துவிட்டார்கள். நேரம் மீதமிருந்தது. ஆனால் மஸ்ட்ராச்சியோவுக்குக் கால்விரல்கள் குளிர்ந்துபோயிருந்தன. அவர் அதைச் சொன்னார், அன்றைய வேலை அங்கே நிறுத்தப்பட்டது. இதைக் கேட்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். மைனஸ் 40 டிகிரி உறைநிலை அறைக்குள் விரல் மரத்துப்போயும் வாய் திறக்காமல் வேலை செய்த எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன், அதில் எத்தனை பேரை நானே பாராட்டியிருக்கிறேன்! மரத்த விரல் நட்டின் இறுக்கத்தை அறியாது. அதைச் சொல்பவனைக் கோழை என்று பார்க்காத இடத்தில்தான் அவன் சொல்வான்.

உள்ளே திரும்பும்போது மஸ்ட்ராச்சியோவுடைய உடையின் குளிரூட்டும் பகுதிக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததால், அடுத்த முறைக்கு வேறு உடையைத் தயார்செய்து ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் லூக்கா பர்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் தண்ணீர் நிறைந்து அவர் மூச்சுத்திணறும் நிலைக்குப் போயிருந்தார்; அதனால் இருவரின் கவசத்திலும் தண்ணீரை உறிஞ்சும் பஞ்சுப் பட்டையும், அவசரத்துக்கு மூச்சுவிட ஒரு குழாயும் வைக்கப்பட்டிருந்தன. பழைய விபத்துக்குக் காரணம் முழுமையாக நீங்கும் முன்பே, அது மறுபடி நேர்ந்தால் மனிதன் பிழைப்பதற்கான எளிய ஏற்பாட்டைச் செய்துவிட்டார்கள். எங்கள் கூடத்தின் கதவருகே கண் கழுவத் தண்ணீர்க் குழாய் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது அதன் பிறகுதான்.

இரண்டாம் விண்நடை டிசம்பர் 24 அன்று நடந்தது. இயந்திரக் கையைக் கொய்ச்சி வகாட்டா இயக்க, ஹாப்கின்ஸ் அந்த 354 கிலோ பெட்டியைக் கையில் பிடித்தபடி நகர்ந்து வந்தார். எடை இல்லாவிட்டாலும் நிறை இருக்கிறதல்லவா. ஒரு முறை நகரத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். இணைப்புகளை மாட்டும்போது ஒன்றிலிருந்து அமோனியாத் துகள்கள் பனிமழை போலப் பொழிந்தன. அவர்கள் பதறவில்லை, உடையில் பட்டதையும் கணக்கில் எடுத்து, வழக்கமான சோதனைகளைச் செய்த பிறகே உள்ளே போனார்கள். 7 மணி 30 நிமிடம். முடிந்தபோது தூத்துக்குடியில் நள்ளிரவு கடந்திருந்தது, கிறிஸ்துமஸ் திருப்பலிக்குப் போனவர்கள் பனிமய மாதா பேராலயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டு.

பொய் எச்சரிக்கை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரி 14 அன்று அமோனியா கசிவு என்று நிலையத்தில் எச்சரிக்கை ஒலித்தது. எல்லோரும் முகமூடி அணிந்து, அமோனியா பயன்படுத்தாத ரஷ்யப் பகுதிக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். கணினிக் கோளாறு என்று பின்னால் தெரியவந்தது. யாரும் அதற்காக யாரையும் கேலி செய்ததாக நான் படிக்கவில்லை. எங்கள் ஆலையில் மூன்றாவது பொய்ச் சங்கு ஒலித்த நாளில் ஒரு மேற்பார்வையாளர் அந்த உணர்கருவியின் வயரைப் பிடுங்கிவிட்டார். அதைத் திரும்பப் பொருத்தவைக்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

ஓய்வு பெற்ற பிறகு 2024 ஜூன் 24 அன்று, என்னிடம் வேலை கற்ற ஒரு பையன் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணாச்சி, உங்க டிரேசி மறுபடியும் வெளிய போறாங்க” என்றான். பதினான்கு ஆண்டு கழித்து அதே டிரேசி டைசன், மைக் பாரட்டுடன் விண்நடைக்குத் தயாராகியிருந்தார். காற்றறைக் கதவு திறந்தாயிற்று. உடையை நிலையத்தோடு இணைத்துக் குளிர்நீர் தரும் குழாயைக் கழற்றும் நேரத்தில், அந்த இணைப்பிலிருந்து தண்ணீர் கசிந்து பனித்துகள்களாகத் தெறித்தது. அவருடைய கவசக் கண்ணாடி மேலும் படிந்தது. இம்முறை அமோனியா அல்ல, வெறும் தண்ணீர். இருந்தும் குழாயைத் திரும்ப மாட்டி, கதவை மூடி, 31 நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். “இவ்வளவு தூரம் போயிட்டு இதுக்கா திரும்பினாங்க?” என்று பையன் கேட்டான். அவனுடைய ஷிப்டில் அன்று எந்த வால்வைப் பிரிக்கப் போகிறான் என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டாவது ரிசீவர் லைன் என்றான். அழுத்தமானியை யார் படிக்கிறார்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி அழைக்கிறேன் என்று வைத்துவிட்டான்.